விடைபெறும் நாளில், நண்பகல் செய்திக்கு முன்

"தோளப் புடிச்சுத் தூக்காத. இடுப்புக்குக் கீழ கையக் குடு. எத்தன தடவ சொல்றது?"

வெர்லின் கையை மாற்றிக் கொடுத்தாள். மேட்ரன் டெல் சுவர்ப் பக்கம் திரும்பினார். எட்டு மாதத்தில் அந்த உடம்பு பாதியாகிவிட்டது. வயிற்றுக்குள் வந்த நோய் சதையையெல்லாம் தின்று தீர்த்துவிட்டது. குரலை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

"தண்ணி சூடு பாத்தியா?"

"பாத்தேன், மேட்ரன்."

"எதால?"

"முழங்கையால."

"ம்."

வெர்லின் துணியைப் பிழிந்து முதுகைத் துடைக்க ஆரம்பித்தாள். ஜன்னல் திட்டில் இருந்த ரேடியோவில் சோப்பு விளம்பரம் முடிந்து, அந்த மெதுவான ஆர்கன் இசை வந்தது. கிரெனடா தீவு முழுக்க அந்த இசை வந்தால் பேச்சு நிற்கும். நண்பகல் செய்திக்கு முன் வரும் மரண அறிவிப்பு நேரம் அது. அடுப்பில் எது கருகினாலும் கால்மணி நேரம் யாரும் அசைய மாட்டார்கள்.

"கிரென்வில் நகரைச் சேர்ந்த திருமதி யூனிஸ் டெலஸ்ஃபோர்ட்," என்றது ரேடியோ, "மேட்ரன் டெல் என எல்லோராலும் அறியப்பட்டவர், காலமானார்."

வெர்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரேடியோவை அணைக்கப் பாய்ந்தாள்.

"விடு," என்றார் மேட்ரன், சுவரைப் பார்த்தபடியே. "முழுசாக் கேப்போம். முதுகு ஈரமா இருக்கு, வேலையப் பாரு."

அறிவிப்பு மேட்ரனே எழுதியது. ஆண்டறிக்கை எழுதிப் பழகிய கை என்பதால் மரண அறிவிப்பும் ஆண்டறிக்கையாகவே வந்திருந்தது. அவர் நடத்திய நர்சிங் கல்லூரி ஒன்பது மாணவிகளோடும் ஒரு எலும்புக்கூட்டோடும் தொடங்கியதை வாசிப்பவர் சொன்னார். ஐவன் புயல் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போன வருடம், மூன்று மாதம் ஜாதிக்காய்க் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே வகுப்பு நடந்தும் ஒருவர்கூடத் தேர்வில் தோற்காததைச் சொன்னார். இன்று நூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள், பட்டப் படிப்பு, சொந்தக் கட்டடம்.

"வேகமாப் படிக்கிறான்," என்று முணுமுணுத்தார் மேட்ரன். "கமா இருக்குற எடத்துல நிக்கவே மாட்டேங்கிறான்."

"இத்தனை ஆண்டுகளில், தகுதியுள்ள எவரையும் இக்கல்லூரி இடமில்லை என்று திருப்பி அனுப்பியதில்லை," என்றது ரேடியோ. "அவரைப் பிரிந்து வாடுவோர்: மகன்கள், புரூக்ளினில் வசிக்கும் கெல்ரிக், டொராண்டோவில் வசிக்கும் டெஸ்மண்ட். மருமகள்கள் இருவர். பேரப்பிள்ளைகள் ஐவர். ஆயிரத்து நூற்று நாற்பது நர்சுகள்."

அவ்வளவுதான். ஆர்கன் மறுபடி ஒலித்தது.

வெர்லின் பெயர் இல்லை. இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவும் இல்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அவள் மேட்ரனின் கணவர் கார்ல்டனுக்குப் பிறந்தவள். மேட்ரனுக்குப் பிறந்தவள் அல்ல. ஊரில் அதற்கு வெளிப்பிள்ளை என்று பெயர். ஒன்பது வருடம் முன்னால் கார்ல்டன் இறந்தபோதும் வாடுவோர் பட்டியலை எழுதியது மேட்ரன்தான். அன்று ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வெர்லினோடு முப்பது பெண்கள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அவள் யார் மகள் என்று தெரியும். அவள் பெயர் இல்லாமலே ரேடியோ பட்டியலை வாசித்து முடித்தபோது முப்பது இஸ்திரிப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் நின்றன. யாரும் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததைத்தான் இன்றுவரை அவளால் மறக்க முடியவில்லை.

"ஸ்டேஷனுக்குப் போன் போடுறேன்," என்றாள். "உயிரோட இருக்குறவங்களச் செத்துட்டதா சொல்றதுக்கு எவன் தைரியம் குடுத்தான்?"

"நான்தான் குடுத்தேன். இது நம்ம காலேஜ் கிளார்க் பப் பாத்த வேல." மேட்ரன் மெதுவாக மல்லாந்து படுத்தார். முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பு மாதிரி என்னவோ இருந்தது. "போன வருஷம் உறையில போட்டு ஒட்டி அவன் கையில குடுத்தேன். உறை மேல என்ன எழுதுனேன் தெரியுமா? 'நான் விடைபெறும் நாளில், நண்பகல் செய்திக்கு முன், ரேடியோவுக்கு.' இன்னிக்கிக் காலேஜுல எனக்கு என்ன விழா?"

"விடைகொடுக்குற விழா."

"அப்ப அவன் சரியாத்தான் செஞ்சிருக்கான். எழுதுன மாதிரியே செய், பிரிச்சுப் பாக்காத, யோசிக்காதன்னு இருபத்தேழு வருஷம் பழக்குனது நான்தானே. சட்டையப் போடு. ஆளுங்க வருவாங்க."

வந்தார்கள். முதலில் பக்கத்து வீட்டு டான்ட்டி லீனா, ஊருக்கே அத்தை. ஒரு கையில் பொரித்த பேக்ஸ் ரொட்டி நிறைந்த தட்டு, மறு கையால் மார்பில் அடித்துக்கொண்டு, "ஐயோ, என் டெல், சொல்லாமப் போயிட்டியே!" என்று ஓலமிட்டபடி நேராகப் படுக்கையறைக்குள் நுழைந்தாள்.

"லீனா," என்றது படுக்கை. "செருப்ப வாசல்ல கழட்டுனியா?"

டான்ட்டி லீனா தட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு ரொட்டி உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. வெர்லின் அவளைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்து, கறுப்பு டை கட்டிய இரண்டு பேர் நீளமான சவ வண்டியில் வந்து இறங்கினார்கள்.

"இன்னும் இல்ல," என்றாள் வெர்லின் வாசலில் நின்று.

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். "ரேடியோவுல சொன்னாங்களேம்மா."

"தப்பாச் சொல்லிட்டாங்க."

"அப்ப எப்ப வரட்டும்?"

"நீங்க ஒண்ணும் அவசரப்பட வேணாம். நாங்களே கூப்புடுறோம்."

அதற்குள் புரூக்ளினிலிருந்து போன். யாரோ கெல்ரிக்குக்குச் சொல்லிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை வாய்விட்டு அழுதான். வெர்லின் போனை மேட்ரன் காதில் வைத்தாள்.

"கெல்ரிக், மூக்கச் சிந்து. நான் சாகல... ஆமா, நான்தான், பேய் இல்ல... டிக்கெட் வாங்கிட்டியா? திருப்பிக் குடுத்தா எடுத்துக்க மாட்டானா? அப்ப வா. வீணாக்காத. நீ வர்ற நேரத்துக்குச் சரியா இருக்கும்."

வெர்லின் போனை வாங்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். மேட்ரன் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டியல் வந்தப்ப உன் கை நிக்கல," என்றார். "அதுக்கு ஒரு வரி முன்னாடியே நின்னுருச்சு."

"தண்ணி ஆறிப்போச்சான்னு பாத்தேன்."

"பொய் சொல்ற நோயாளிங்களோட நாப்பது வருஷம் இருந்தவ நான். என் முதுகுல இருந்த கை. எனக்குத் தெரியாதா?"

வெர்லின் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகலாம் என்று குனிந்தாள். தகுதியுள்ள எவரையும் திருப்பி அனுப்பியதில்லை. அந்த வரியில்தான் கை நின்றது. பட்டியல்தான் தன்னைக் குத்தும் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது அப்போதுதான் விளங்கியது.

பதினெட்டு வயதில் அவள் அந்தக் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தாள். நுழைவுத் தேர்வு எழுதினாள். நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் மேட்ரன் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பப் படிவத்தில் தகப்பன் பெயர் என்ற இடத்தில் அவர் விரல் ஒரு நிமிடம் நின்றது. பத்து நாளில் கடிதம் வந்தது: இடமில்லை. அடுத்த மாதம் வெர்லின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுடைய வெள்ளைச் சீருடைகளுக்குக் கஞ்சி போட்டாள். எட்டு மாதம் முன்னால் மிஸ்டர் பப் வந்து, "மேட்ரனப் பாத்துக்க ஆள் வேணுமாம். மெத்தை விரிப்போட மூலைய ஒழுங்கா மடிக்கத் தெரிஞ்சவ இந்தத் தீவுல நீ ஒருத்திதானாம்," என்றபோது ஏன் வந்தாள் என்று இன்றும் அவளுக்குத் தெரியாது. ஒரு வாரத்துக்கு என்றுதான் வந்தாள்.

"நுழைவுத் தேர்வுல கணக்குல எத்தன எடுத்த?" என்றார் மேட்ரன்.

"ஞாபகம் இல்ல."

"எம்பத்தொண்ணு. உயிரியல் எழுபத்தாறு."

பேசினில் தண்ணீர் தளும்பிக் காலில் கொட்டியது. அதே நேரம் வாசலில் கார் வந்து நின்றது.

மிஸ்டர் பப் விழாவுக்குப் போட்ட கோட்டோடு, முகம் சாம்பலாகி, கல்லூரியின் புதிய முதல்வர் சிஸ்டர் பர்செலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்தார். சிஸ்டர் கையில் கேக் பெட்டி. முதல் ஒன்பது மாணவிகளில் ஒருத்தி அவள். மேட்ரனிடம் பயப்படுவதை நிறுத்தவே இருபது வருடம் ஆனவள்.

"மேட்ரன், நான் இப்பவே ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன்," என்றார் பப்.

"எதுக்கு? சொன்னதச் செஞ்சதுக்கா? உக்காரு. பர்செல், விழா எப்படிப் போச்சு?"

"நல்லாத்தான் போயிக்கிட்டிருந்தது மேட்ரன். கேக் வெட்டுற நேரத்துல யாரோ கார்ல ரேடியோ போட்டுட்டாங்க. மந்திரி பாதிப் பேச்சுல அப்படியே அஞ்சலிக் கூட்டமா மாத்திட்டாரு."

மேட்ரன் சிரிக்க முயன்று இருமினார். வெர்லின் தலையணையை உயர்த்தினாள்.

"காலேஜு எப்படி இருக்கு? எனக்குப் புடிக்கணும்னு சொல்லாத. உள்ளதச் சொல்லு."

சிஸ்டர் பர்செல் பப்பைப் பார்த்தாள். பிறகு துணிந்து சொன்னாள். "நர்ஸ் தொப்பிய எடுத்துட்டேன். பிள்ளைங்க யாரும் இப்ப தலையில எதுவும் வைக்கிறதில்ல. காலைப் பிரார்த்தனைய அஞ்சு நிமிஷமாக் கொறச்சுட்டேன். ராத்திரி டியூட்டி பாத்தவங்களுக்கு மறுநாள் வகுப்பு கெடையாது. நீங்க கேட்டா வருத்தப்படுவீங்கன்னுதான்..."

"தேர்வு?"

"முப்பத்தோரு பேர் எழுதுனாங்க. முப்பது பேர் பாஸ்."

"தொப்பி இல்லாமயேவா?"

"ஆமா மேட்ரன்."

மேட்ரன் கண்ணை மூடிக்கொண்டார். சிஸ்டர் பயந்து போய் நாடியைப் பிடிக்கக் குனிந்தாள். "நல்லது," என்றார் மேட்ரன், கண்ணைத் திறக்காமல். "நான் இல்லாம எட்டு மாசம் ஓடியிருக்கு. சுவரு ஒண்ணும் இடிஞ்சு விழல. தொப்பி போட்டா எனக்கும் முப்பது வருஷமா தலைதான் வலிச்சுது." நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. வெர்லின் எட்டு மாதத்தில் அந்த நெற்றியை அப்படிப் பார்த்ததில்லை.

"வெர்லின், போயி எல்லாருக்கும் கொக்கோ டீ போடு. கதவச் சாத்திட்டுப் போ. பப், அந்தக் காகிதத்தத் திரும்ப வாங்கிட்டு வந்தியா?"

"இதோ இருக்கு மேட்ரன்."

சமையலறையில் டான்ட்டி லீனா கொக்கோவைத் துருவிக்கொண்டிருந்தாள். அதிர்ச்சி தெளிந்து நாக்கு திரும்பியிருந்தது.

"ஏண்டி, கடவுளே பாத்து ஒரு சந்தர்ப்பம் குடுத்திருக்காரு. காகிதம் உள்ள இருக்கு, பேனா உள்ள இருக்கு, ஆளும் இன்னும் உள்ளதான் இருக்கு. போயி, என் பேரையும் சேருங்கன்னு கேளேன்."

"கேட்டு வாங்குற பேரா டான்ட்டி அது?"

"பீ மூத்திரம் அள்ளுனவ நீ. புரூக்ளின்காரன் பேரு வருது, அவன் பொண்டாட்டியும் கணக்குல வர்றா, நர்சுங்க எண்ணிக்க வருது. ஜாதிக்காய் மூட்டைகூட வருது! உன் பேரு வராதா? இன்னிக்கி ஊரே கேட்டுச்சுடி. மறுபடியும் ஒரு தடவ கேக்கும்."

"பாலு பொங்குது, பாருங்க."

கதவு திறந்து மிஸ்டர் பப் தலையை நீட்டினார். "வெர்லின், ரூலர் இருக்கா?"

"எதுக்கு?"

"கோடு போடணும். மேட்ரன் கையால போட்டாக் கோணலாப் போகுதாம்."

எதற்கு என்று அதன் பிறகு அவள் கேட்கவில்லை. மேட்ரனிடம் படித்தவர்கள் மட்டுமல்ல, அவர் ஆஸ்பத்திரியில் துணி துவைத்தவர்களுக்கும் அந்தச் சட்டம் தெரியும். நோயாளியின் பதிவேட்டில் தப்பாக எழுதினால் கிறுக்கி அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே ஒரு கோடு. பக்கத்தில் 'தவறு' என்று எழுதி, சரியானதை எழுதி, கையெழுத்தும் நேரமும் போட வேண்டும். சலவைக்கூடத்துக் கணக்கு நோட்டில்கூட அப்படித்தான்.

அலமாரியிலிருந்து ரூலரை எடுத்துக் கொடுத்தாள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

போகும்போது சிஸ்டர் பர்செல் அவள் தோளை ஒரு நொடி அழுத்திவிட்டுப் போனாள். மிஸ்டர் பப் நிமிர்ந்தே பார்க்கவில்லை. மேட்ரன் கொஞ்சம் கொக்கோ டீ குடித்தார், சர்க்கரை கூடுதல் என்றார், தூங்கினார்.

சனிக்கிழமை அதிகம் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்தில் முதல் மணி அடிக்கிற நேரம், மூச்சு விட்டு விட்டு வந்தது. வெர்லின் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். நிமிடத்துக்கு எட்டு. பிறகு ஆறு.

"எத்தன?" என்றார் மேட்ரன்.

"ஆறு, மேட்ரன்."

"எழுதிக்க."

எழுதினாள். நிமிர்ந்து பார்த்தபோது எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. முழுதாக இரண்டு நிமிடம் காத்திருந்துவிட்டு, ஏழு பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அழுகை வரவில்லை. தோளில் ஏற்றி எட்டு மாதம் சுமந்த மூட்டையை யாரோ பின்னாலிருந்து வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த ஆறுதலுக்கு வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தாள். வெட்கமும் வரவில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து, முழங்கையால் சூடு பார்த்த தண்ணீரில் மேட்ரனைத் துடைத்தாள். புது விரிப்பின் மூலைகளை மடித்தாள். டாக்டருக்குச் சொன்னாள். பிறகு பப்புக்கு.

"டாக்டர் வந்து பாத்துட்டாரா?" என்றார் பப் போனில்.

"பாத்துட்டாரு."

"எழுத்துல குடுத்தாரா?"

"குடுத்தாரு."

"நீயும் பாத்தியே?"

"மிஸ்டர் பப், இந்தத் தடவ நெசமாத்தான்."

மறுமுனையில் அவர் சத்தம் போட்டு அழ ஆரம்பித்தார்.

கெல்ரிக் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தான். தாயின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் சிவந்து சமையலறைக்கு வந்தான். தகப்பன் சாவில் இரண்டு பேரும் பத்தடி தள்ளி நின்று தலையசைத்துக்கொண்டதுதான் அவர்களுக்குள் இருந்த பழக்கம். வெர்லின் அவன் முன்னால் பேக்ஸும் உப்பு மீனும் வைத்தாள்.

"நீ சாப்பிட்டியா?" என்றான்.

"இனிமேத்தான்."

"உக்காரு, சேந்து சாப்புடுவோம்."

ரேடியோவில் ஆர்கன் ஒலித்தது. இரண்டு பேரும் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். அதே குரல்தான். ஆனால் இந்த முறை கமாவுக்குக் கமா நின்று வாசித்தது. யாரோ நன்றாகத் திட்டியிருக்க வேண்டும். ஒன்பது மாணவிகள் வந்தார்கள், எலும்புக்கூடு வந்தது, ஐவனும் ஜாதிக்காய்க் கிடங்கும் வந்தன.

"இத்தனை ஆண்டுகளில், தகுதியுள்ள எவரையும் இக்கல்லூரி இடமில்லை என்று திருப்பி அனுப்பியதில்லை," என்றது குரல். அங்கே தடுமாறியது. காகிதம் சரசரத்தது. "இந்த வரியின் மேல் கோடு போடப்பட்டிருக்கிறது. உள்ளது உள்ளபடி வாசிக்கச் சொல்லியிருப்பதால் வாசிக்கிறேன். தவறு. ஒருவரைத் திருப்பி அனுப்பினேன். வெர்லின் மொடெஸ்ட். ஆண்டு 1986. கணக்கு எண்பத்தொன்று, உயிரியல் எழுபத்தாறு. இடம் இருந்தது. கையெழுத்து, யூ. டெலஸ்ஃபோர்ட். வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று ஐம்பது."

பக்கத்து வீட்டில் டான்ட்டி லீனா ஏதோ பாத்திரத்தைக் கீழே போடுவது கேட்டது.

வெர்லின் மேசை விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள். ஒரு முறை நீவினாள், மறுபடி நீவினாள். ரேடியோ வாடுவோர் பட்டியலை வாசித்து முடித்தது. அடுத்த அறிவிப்பு தொடங்கியது: கூயாவ் நகரைச் சேர்ந்த ஒரு மீனவர், கடலில் ஐம்பது வருடம்.

"பட்டியல்லயும் உன் பேரு வந்துச்சு," என்றான் கெல்ரிக் மெதுவாக. "எங்களுக்கு நடுவுல. கேட்டியா?"

"கேக்கல."

அவன் ரேடியோவை அணைக்கக் கையை நீட்டினான்.

"இரு," என்றாள் வெர்லின், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "அந்த ஆளுக்குப் பதினாலு பிள்ளைங்களாம். பேரெல்லாம் சொல்லி முடிக்கட்டும்."